ட்ஸூக்: ரயிலும் இழுப்பும் இன்ன பிறவும் – ஒரு ஜெர்மன் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே வந்துவிடும் சொல் இது. ‘ரயில்’ என்று பொருள் எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். பி1 என்ற இடைநிலைக்கு வரும்போதுதான் அதே சொல் சதுரங்கத்திலும், சிகரெட்டிலும், சம்பளச் சீட்டிலும், வாடகை ஒப்பந்தத்திலும் தலைகாட்டுவது தெரியும். ஜெர்மன் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். அகராதியில் தேட வேண்டியது ட்ஸெட் (Z), ஊ (U), கே (G) என்ற மூன்று எழுத்துகளை.

ட்ஸூக் என்றால் ரயில் என்று மட்டும் படித்தால் போதாதா?

ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்வுக்குப் போதும். அதற்கு மேல் போதாது. ரயில் என்பது இந்தச் சொல்லுக்குக் கடைசியாக வந்து சேர்ந்த பொருள்களில் ஒன்று. அதன் அடிப்படைப் பொருள் ‘இழுத்தல்’. ‘ட்ஸீயென்’ (இழு) என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் அது. இழுக்கும் செயல், இழுக்கும் விசை, இழுபட்டு வரிசையாகப் போவது, இழுத்த கோடு என்று எல்லாவற்றையும் அது குறிக்கும். இருபது பொருள்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த வினையைப் பிடித்துக்கொள்வது மேல்.

சரியாக எப்படி உச்சரிப்பது? ‘ஜூக்’ என்றால் புரியாதா?

புரிந்துகொள்ளத் தடுமாறுவார்கள். ஜெர்மனில் ‘ட்ஸெட்’ எழுத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ஒலி கிடையாது. ‘ட்’டும் ‘ஸ்’ஸும் ஒட்டிய ஒலிதான் உண்டு. நாம் அன்றாடம் சொல்லும் ‘பூட்ஸ்’ என்ற சொல்லின் கடைசி ஒலி அது. ‘பூட்ஸ்-ஊக்’ என்று சில முறை சொல்லிவிட்டு ‘பூ’வை விட்டுவிட்டால் ஒலி கைக்கு வந்துவிடும்.

நடுவில் ஊகாரம் நெடில். எழுத்தில் கடைசியில் ‘க’வின் மென்மையான ஒலி இருந்தாலும் (‘தங்கம்’ என்பதில் வரும் க), சொல்லின் இறுதியில் அது வல்லொலியாக மாறிவிடும். இது ஜெர்மனில் பொது விதி. வட ஜெர்மனியில் பேச்சுவழக்கில் பலர் ‘ட்ஸுஹ்’ என்று குறுக்கிச் சொல்வார்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள்; தேர்வில் சொல்ல வேண்டாம்.

தமிழர்கள் செய்யும் இன்னொரு பிழை, கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘ட்ஸூக்கு’ என்பது. வல்லினத்தில் முடியும் சொல்லுக்கு உகரம் சேர்ப்பது நம் நாக்கின் பழக்கம். ஜெர்மனில் அந்த உகரம் ஓர் அசை கூடிய வேறு சொல்போலக் கேட்கும்.

பன்மை ‘ட்ஸ்யூகெ’. இதில் வரும் உயிரொலி தமிழில் இல்லை. நாக்கை ‘ஈ’ சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘ஊ’ சொல்வதுபோலக் குவிக்க வேண்டும். பன்மையில் ‘க’ சொல்லின் இறுதியில் இல்லாததால் ‘தங்கம்’ ஒலி திரும்பி வந்துவிடும்.

பால் என்ன? அதை எப்படி நினைவில் வைப்பது?

ஆண்பால்: டெர் ட்ஸூக். நான்காம் வேற்றுமையில் (ஜெர்மன் கணக்குப்படி) டென் ட்ஸூக், மூன்றாம் வேற்றுமையில் டெம் ட்ஸூக், பன்மையின் மூன்றாம் வேற்றுமையில் டென் ட்ஸ்யூகென்.

வினையின் அடியிலிருந்து விகுதி எதுவும் சேராமல் பிறக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். ஃப்லூக் (பறத்தல்), வுர்ஃப் (எறிதல்), ஷுஸ் (சுடுதல்), க்ரிஃப் (பிடி) எல்லாம் அப்படியே. கூட்டுச்சொல்லின் பாலை அதன் கடைசி உறுப்புதான் தீர்மானிக்கும். ஆகவே ட்ஸூக் என்று முடியும் எல்லாக் கூட்டுச்சொல்லும் ஆண்பால்தான். கீழே வரப்போகும் பத்துப் பதினைந்து சொற்களுக்குப் பால் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

இதன் வேர் எவ்வளவு பழையது?

பழைய உயர்ஜெர்மனில் வினை ‘ட்ஸியோஹன்’. அதற்கும் முந்தைய கோதிக் மொழியில் ‘டியுஹன்’. இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் ‘டெயுக்’ என்ற வேர், ‘நடத்திச் செல், இழு’ என்ற பொருளில், இருந்ததாக மொழியியலாளர்கள் மீட்டமைத்திருக்கிறார்கள். லத்தீனின் ‘டூகெரெ’ (வழிநடத்து) அதே வேர்.

இதனால் ஒரு வேடிக்கை. ஜெர்மனில் கோமகனை ‘ஹெர்ட்ஸோக்’ என்பார்கள். ‘ஹெர்’ என்பது படை, ‘ட்ஸோக்’ என்பது அதை நடத்திச் செல்பவர். ஆங்கிலத்தின் ‘டியூக்’, லத்தீன் ‘டுக்ஸ்’ (தலைவர்) வழி வந்தது. இரண்டு மொழியும் ஒரே வேரை வெவ்வேறு வழியில் எடுத்து ஒரே பதவிக்கு வைத்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் ‘டக்’ (வெடுக்கென்று இழு), ‘டோ’ (வண்டியைக் கட்டி இழு), ‘டீம்’ ஆகியவை இதன் நெருங்கிய உறவுகள். டீம் முதலில் சேர்த்துக் கட்டி இழுக்கும் மாடுகளையோ குதிரைகளையோ குறித்தது. விளையாட்டு அணி என்ற பொருள் பிற்பாடு வந்தது.

ஆங்கிலத்தில் ‘ட’ இருக்கும் இடத்தில் ஜெர்மனில் ஏன் ‘ட்ஸ’ வருகிறது?

உயர்ஜெர்மன் மெய்யொலி மாற்றம் என்று இதற்குப் பெயர். சொல்லின் முதலில் இருந்த ‘ட்’, தெற்குப் பகுதியின் மொழிகளில் ‘ட்ஸ்’ ஆனது. ஆங்கில ‘டென்’ ஜெர்மனில் ‘ட்ஸேன்’ (பத்து). ‘டங்’ ‘ட்ஸுங்கெ’ (நாக்கு). ‘டைட்’ ‘ட்ஸைட்’ (காலம், ஆங்கிலத்தில் பிறகு கடல் ஏற்றவற்றமாகச் சுருங்கிவிட்டது). வடக்கே பேசப்பட்ட தாழ்ஜெர்மனில் இந்த மாற்றம் நடக்கவில்லை. அங்கே இதே சொல் ‘டோஹ்’ என்றே இருந்தது. டேனிஷ், நார்வேஜிய மொழிகளின் ‘டோக்’, ஸ்வீடிஷின் ‘டோக்’ எல்லாம் அந்தத் தாழ்ஜெர்மன் வழி போனவை. இன்று மூன்றிலும் அதற்கு ரயில் என்றுதான் பொருள்.

வினையில் ‘ஹ’, பெயரில் ‘க’. ஏன் இந்த ஒழுங்கின்மை?

ட்ஸீயென் என்பதை எழுதும்போது நடுவில் ஒரு ‘ஹ’ இருக்கும். இன்று அது ஒலிப்பதில்லை. பழைய ஜெர்மனில் ஒலித்தது. இறந்தகாலம் ‘ட்ஸோக்’, முற்றெச்சம் ‘கெட்ஸோகென்’, பெயர் ‘ட்ஸூக்’. இவை மூன்றிலும் ‘க’. மிகப் பழைய காலத்தில் சொல்லழுத்தம் எந்த அசையில் விழுந்தது என்பதைப் பொறுத்து மெய்யொலி இரண்டாகப் பிரிந்தது. இதைக் கண்டறிந்து விளக்கியவர் 19ஆம் நூற்றாண்டின் டென்மார்க் அறிஞர் கார்ல் வெர்னர். வெர்னர் விதி என்றே பெயர். படிப்பவருக்கு இதில் ஒரே பயன்தான்: ‘ட்ஸீயென் – ட்ஸோக் – கெட்ஸோகென்’ என்ற வாய்பாட்டைத் தெரிந்துகொண்டால் பெயரில் ஏன் ‘க’ என்று குழம்ப வேண்டாம்.

ரயில் எப்போது ட்ஸூக் ஆனது?

19ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பே ‘வரிசையாக நகர்ந்து போகும் கூட்டம்’ என்ற பொருள் சொல்லுக்கு இருந்தது. ஊர்வலம், படை அணி, வண்டிகளின் வரிசை எல்லாம் ட்ஸூக். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பெர்க்கிலிருந்து ஃப்யூர்ட் வரை சுமார் 6 கிலோமீட்டர் ஓடியது. ‘ஆட்லெர்’ (கழுகு) என்ற அந்த எஞ்சினை இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த ஸ்டீபன்சன் தொழிற்சாலை செய்தது. எஞ்சினோடு ஆங்கிலத்தின் ‘ட்ரெயின்’ என்ற கருத்தும் வந்தது. ட்ரெயின் என்பதும் ‘இழு’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்ததுதான். ஜெர்மானியர்கள் புதிதாக எதையும் ஆக்காமல், கைவசம் இருந்த இழுப்புச் சொல்லை அதற்கு வைத்துவிட்டார்கள்.

பழைய ஊர்வலப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கொலோன் நகரில் தவக்காலத்துக்கு முந்தைய திங்கள்கிழமை நடக்கும் ரோஸன்மோன்டாக்ஸ்ட்ஸூக் 1823இலிருந்து வருவது, அதாவது ரயிலைவிட மூத்தது. அந்த ஊர் வழக்கில் ‘டெர் ட்ஸோஹ் க்யூட்’ (ஊர்வலம் வருகிறது) என்பார்கள். அன்று இதைக் கேட்டு யாராவது நிலையத்துக்கு ஓடினால் தெருவில் வீசப்படும் மிட்டாயை இழப்பார்கள்.

ட்ஸூக், பான் – இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

‘மிட் டெம் ட்ஸூக்’, ‘மிட் டெர் பான்’ இரண்டும் ‘ரயிலில்’ என்று வரும். பான் என்பது பாதை, அமைப்பு, நிறுவனம். ட்ஸூக் என்பது கண்ணெதிரே நிற்கும் ஒரு வண்டித்தொடர். ‘என் ட்ஸூக் தாமதம்’ என்பார்கள். ‘பான் வேலைநிறுத்தம் செய்கிறது’ என்பார்கள். நகருக்குள் ஓடும் எஸ்-பான், ஊ-பான் ஆகியவற்றைப் பேச்சில் பான் என்பதே வழக்கம். ஆனால் நடைமேடை அறிவிப்பில் அவையும் ட்ஸூக்தான்.

நிலையத்தில் எந்தெந்த ட்ஸூக் சொற்கள் தெரியாவிட்டால் சிக்கல்?

மூன்று. முதலாவது ‘ட்ஸூக்டைல்’, அதாவது ரயிலின் ஒரு பகுதி. ஜெர்மனியில் இரண்டு தொடர்களை இணைத்து ஓட்டி, நடுவழியில் பிரித்து வெவ்வேறு ஊருக்கு அனுப்புவது சாதாரணம். பெர்லினிலிருந்து வரும் ஐசிஇ என்ற அதிவேக வண்டிகள் பல ஹாம் நகரில் பிரிந்து, ஒன்று எஸென் பக்கமாகவும் மற்றொன்று வுப்பெர்டால் பக்கமாகவும் போகும். ‘ஃபோர்டெரெர் ட்ஸூக்டைல்’ முன்பகுதி, ‘ஹின்டெரெர் ட்ஸூக்டைல்’ பின்பகுதி. சரியான ரயிலில் தவறான பாதியில் உட்கார்ந்தால் போய்ச் சேருவது வேறு ஊர். நடைமேடையில் ஏ, பி, சி என்று பிரிவுகள் குறித்திருக்கும். எந்தப் பெட்டி எந்தப் பிரிவில் நிற்கும் என்று பலகையில் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். ஏறிய பிறகு பெட்டிக்குள் இருக்கும் திரையில் உங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது ‘ட்ஸூக்பின்டுங்’. மலிவான ஷ்பார்ப்ரைஸ் சீட்டு அதில் அச்சிட்ட நெடுந்தூர ரயிலுக்கு மட்டுமே செல்லும். அடுத்த ரயிலில் ஏறினால் சீட்டில்லாமல் ஏறியதாகவே கணக்கு. சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் இந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும். தாமத அறிவிப்பைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம்.

மூன்றாவது ‘ட்ஸூக்ஃப்யூரெர்’. பெயரைப் பார்த்தால் ரயில் ஓட்டுபவர் என்று தோன்றும். அவர் வண்டிப் பணியாளர்களுக்குப் பொறுப்பானவர். ஓட்டுபவர் ‘லோக்ஃப்யூரெர்’.

‘எஸ் ட்ஸீட்’ என்று முதியவர்கள் அடிக்கடி சொல்கிறார்களே, எதை இழுக்கச் சொல்கிறார்கள்?

எதையும் இழுக்கச் சொல்லவில்லை. எங்கிருந்தோ குளிர்காற்று ஊடுருவுகிறது, சன்னலைச் சாத்துங்கள் என்கிறார்கள். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேரும் செவிலியர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் வாக்கியம். அப்படி வரும் காற்று ‘ட்ஸூக்’ அல்லது ‘ட்ஸூக்லுஃப்ட்’. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வேண்டுமென்றே காற்றோட்டம் உண்டாக்குவது ‘டுர்ஹ்ட்ஸூக்’. கழுத்து பிடித்துக்கொண்டால் ‘ட்ஸூக் வாங்கிவிட்டேன்’ என்பது அவர்கள் வழக்கு.

இதே மக்கள்தான் குளிர்காலத்திலும் சன்னலை அகலத் திறந்து 5 முதல் 10 நிமிடம் காற்று மாற்றுவார்கள். அது ‘ஷ்டோஸ்ல்யூஃப்டென்’, அதற்குக் குறை சொல்ல மாட்டார்கள். அறைக்குள் ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கீற்றுக் காற்று பிடரியில் படுவதுதான் குற்றம்.

அடுப்பு, புகைபோக்கி விஷயத்திலும் இதே சொல். ‘அடுப்புக்கு ட்ஸூக் இல்லை’ என்றால் புகை மேலே ஏறவில்லை என்று பொருள். அடைப்போ, புகைபோக்கி இன்னும் சூடாகாததோ காரணமாக இருக்கும்.

தமிழில் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு. ஜெர்மனிலும் அப்படியா?

இல்லை. ஆஸ்துமாவுக்கு ஆஸ்ட்மா என்றே சொல்ல வேண்டும். மூச்சோடு தொடர்புள்ள சொல் ‘ஆடெம்ட்ஸூக்’, ஒரு தடவை உள்ளிழுக்கும் மூச்சு. நோயாளியின் பதிவேட்டில் ‘நிமிடத்துக்கு இத்தனை ஆடெம்ட்ஸ்யூகெ’ என்று எழுதுவார்கள். ஓய்வில் இருக்கும் வயதுவந்தவருக்குச் சுமார் 12 முதல் 18.

மருந்துக்கடையில் ‘ட்ஸூக்ஸால்பெ’ கேட்டால் கறுப்பாக, தார் வாடையடிக்கும் ஒரு களிம்பு கிடைக்கும். கட்டியைப் பழுக்கவைத்துச் சீழை ‘வெளியே இழுப்பது’ என்ற எண்ணத்தில் வைத்த பெயர்.

‘கடைசி ட்ஸ்யூகெனில் கிடக்கிறார்’ என்றால்?

உயிர் பிரியும் நிலையில் இருக்கிறார் என்று பொருள். கடைசி ரயிலில் அல்ல, கடைசி மூச்சுகளில். மாற்கு நற்செய்தி 5:23இல் யவீரு தன் மகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் லூதரின் மொழிபெயர்ப்பு இதே தொடரைத்தான் பயன்படுத்துகிறது. இன்று ஒரு திட்டம் முடியும் தறுவாயில் இருப்பதற்கும் சொல்கிறார்கள். நோயாளியின் உறவினரிடம் பேசும்போது தவிர்த்துவிடுங்கள், முரட்டுத்தனமாக ஒலிக்கும்.

‘இன் ஃபொல்லென் ட்ஸ்யூகென் கெனீஸென்’ என்பது இதற்கு நேரெதிர். ‘வாய்நிறைந்த மடக்குகளில் பருகி மகிழ்’, அதாவது முழுதாக அனுபவி. இங்கே ட்ஸூக் ஒரு மடக்கு. ஃபொல் என்பதற்கு ‘கூட்டம் நிறைந்த’ என்றும் பொருள் இருப்பதால், நெரிசல் ரயில்களில் மகிழ்கிறோம் என்று ஜெர்மானியர்கள் அலுக்காமல் சிலேடை செய்வார்கள். ‘இன் ஐனெம் ட்ஸூக்’ ஒரே மடக்கில். வேலையைச் சொன்னால் ஒரே மூச்சில். சிகரெட்டில் ஒரு இழுப்பும் ஒரு ட்ஸூக்.

சதுரங்கத்தில் வரும் ‘ட்ஸூக்ட்ஸ்வாங்’ இதே சொல்லா?

இதேதான். காயை நகர்த்துவது ட்ஸூக். ட்ஸ்வாங் என்றால் கட்டாயம். நகர்த்தியே தீர வேண்டும், எதை நகர்த்தினாலும் நிலைமை கெடும் என்ற கட்டம். சதுரங்கத்தில் முறையை விட்டுக்கொடுக்க வழியில்லை என்பதால்தான் இப்படி ஒரு நிலையே உண்டாகிறது. தெளிவான உதாரணம்: வெள்ளை ராஜா டி5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா எஃப்4, கறுப்புச் சிப்பாய் இ5. பலகையில் வேறு எதுவும் இல்லை. இரு ராஜாக்களும் தன் சிப்பாயைக் காத்துக்கொண்டே எதிரியின் சிப்பாயைத் தாக்குகிறார்கள். யாருடைய முறையோ அவர் விலகித்தான் ஆக வேண்டும். விலகினால் சிப்பாய் போகும், ஆட்டமும் போகும். இந்தச் சொல்லை ஜெர்மன் வகுப்புக்குப் போகாமலே சென்னையில் பல பிள்ளைகள் பத்து வயதில் கற்றுவிடுகிறார்கள்.

செய்தித்தாள்களில் ‘அரசு ட்ஸூக்ட்ஸ்வாங்கில் இருக்கிறது’ என்றால் ஏதாவது செய்தே ஆக வேண்டிய நெருக்கடி என்று மட்டும் பொருள். எதைச் செய்தாலும் கெடும் என்ற நுட்பம் அங்கே தேய்ந்துபோனது.

‘ட்ஸூக் உம் ட்ஸூக்’ அன்றாடப் பேச்சில் ‘படிப்படியாக’. சட்டத்தில் அப்படியல்ல: ஒரு கையால் பொருளைக் கொடுத்து மறு கையால் பணத்தை வாங்குவது, இரண்டும் ஒரே நேரத்தில். ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 322ஆம் பிரிவில் இந்தப் பொருளில்தான் வருகிறது. பழைய கார் வாங்கும் ஒப்பந்தத்தில் இதைப் பார்த்துவிட்டு ‘தவணை முறை’ என்று புரிந்துகொண்டால் வம்பு.

முகத்துக்கும் ட்ஸூக் உண்டாமே?

தூரிகையால் இழுத்த கோடும் ட்ஸூக் என்பதால் முகத்தின் வரைவுகள் ‘கெஸிஹ்ட்ஸ்ட்ஸ்யூகெ’. அங்கிருந்து குணக்கூறு ‘கராக்டெர்ட்ஸூக்’. ‘அது அவரிடமிருந்து அழகான ட்ஸூக் அல்ல’ என்றால் அவர் செய்தது முறையல்ல. ‘இன் க்ரோபென் ட்ஸ்யூகென்’ தோராயமாக, மேலோட்டமாக.

படை, தீயணைப்பு, பள்ளி?

படையில் 30 முதல் 60 பேர் கொண்ட பிரிவு. தீயணைப்புத் துறையில் ஒரு ட்ஸூக் என்றால் 22 பேர். 1/3/18 என்று எழுதுவார்கள், ஒரு தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், 18 வீரர்கள். அங்கேயும் தலைவரின் பெயர் ட்ஸூக்ஃப்யூரெர்தான். பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது ‘ட்ஸ்வைட்ஸ்யூகிக்’ என்று கண்டால் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு இணைப் பிரிவுகள் உண்டு என்று பொருள்.

பொறியாளர்களுக்கு?

ட்ஸூக் இழுவிசை, ட்ரூக் அழுத்தவிசை. ‘ட்ஸூக்ஃபெஸ்டிக்கைட்’ இழுவலிமை, அலகு சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன். கான்கிரீட்டின் இழுவலிமை அதன் அழுத்தவலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், அதனால்தான் இழுபடும் பக்கத்தில் கம்பி வைக்கிறோம். வரைபடத்தில் ‘உன்டெர்ட்ஸூக்’ என்று இருந்தால் தளத்துக்குக் கீழே தொங்கும் உத்தரம்.

அலுவலகக் காகிதங்களில் வரும் கூட்டுச்சொற்களில் எவை முக்கியம்?

ரயிலைவிட இவற்றில் தடுமாறினால்தான் காசு போகும். வீடு மாறுவதிலிருந்து தொடங்கலாம்.

‘ஐன்ட்ஸூக்’ குடிபுகுதல், ‘அவுஸ்ட்ஸூக்’ காலி செய்தல், ‘உம்ட்ஸூக்’ வீடு மாறுதல். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். கணக்கு ஐன்ட்ஸூக் நாளிலிருந்து ஓடும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல. வீட்டுக்காரர் தரும் உறுதிச் சீட்டில் (வோனுங்ஸ்கேபெர்பெஷ்டேடிகுங்) அந்தத் தேதி இருக்கும். அது இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலம் தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

அவுஸ்ட்ஸூக் வங்கிக்கு வந்தால் பொருள் வேறு. ‘கோன்டோ-அவுஸ்ட்ஸூக்’ கணக்கு அறிக்கை, கணக்கேட்டிலிருந்து ‘இழுத்தெடுத்த’ பகுதி. ஐன்ட்ஸூக்கும் அப்படித்தான்: ‘பாங்க்-ஐன்ட்ஸூக்’ என்றால் மின்கட்டணம், கைப்பேசிக் கட்டணம் போன்றவற்றை நிறுவனமே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வது. தவறாக எடுத்துவிட்டால் 8 வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே வங்கியில் திரும்பப் பெறலாம்.

சம்பளச் சீட்டில் ‘அப்ட்ஸ்யூகெ’ பிடித்தங்கள், வரியும் காப்பீடும். ‘பெட்ஸ்யூகெ’ வருகிற பணம். இரண்டையும் மாற்றிப் படித்தால் தலை சுற்றும். அப்ட்ஸூக் துப்பாக்கியின் விசைவில்லும்தான். படச்சுருள் காலத்தில் ஒளிப்படப் பிரதியும்தான். சமையலறையில் அடுப்புக்கு மேல் புகையை உறிஞ்சும் கருவி ‘டுன்ஸ்ட்-அப்ட்ஸூக்ஸ்-ஹவுபெ’. தாளிக்கிற வீட்டில் இந்த நீளச் சொல்லை முதலில் கற்றுக்கொள்வது உத்தமம்.

‘ஃபமீலியென்நாஹ்ட்ஸூக்’ குடும்பத்தார் பின்னால் வந்து சேர்வது, அதற்கான விசா. கணவனோ மனைவியோ பொதுவாக ஏ1 ஜெர்மன் சான்று காட்ட வேண்டும். ப்ளூ கார்டு (உயர்தகுதிப் பணியாளருக்கான வசிப்பு அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு விலக்கு உண்டு.

‘ஃபெர்ட்ஸூக்’ என்பது கட்ட வேண்டியதைக் கட்டாமல் தவணை தவறிய நிலை. இது வெறும் தாமதம் இல்லை. அந்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும் சட்டநிலை. விலைப்பட்டியல் கைக்கு வந்து, தொகைக்குக் கெடு வந்தபின் 30 நாள் கழிந்தால் நினைவூட்டல் இல்லாமலே ஃபெர்ட்ஸூக் உண்டாகும். ஆனால் நுகர்வோருக்கு இது பொருந்த, விலைப்பட்டியலிலேயே அப்படி எச்சரித்திருக்க வேண்டும்.

‘அன்ட்ஸூக்’ கோட்டு-சூட்டு. ‘இடிமழை இம் அன்ட்ஸூக்’ என்றால் மழை கோட்டுப் போட்டு வருகிறது என்று பொருளல்ல, நெருங்கி வருகிறது. ‘அவுஃப்ட்ஸூக்’ மின்தூக்கி, நாடகத்தில் ஓர் அங்கம், திரையை மேலே இழுப்பதால். ‘இன் பெட்ஸூக் அவுஃப்’ (குறித்து) என்பதில் பெட்ஸூக் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்; 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் சிறிய எழுத்தாக இருக்கும்.

‘கெஃபார் இம் ஃபெர்ட்ஸூக்’ என்றால் ஆபத்து வருகிறது என்று பொருளா?

ஜெர்மானியர்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ‘தாமதித்தால் ஆபத்து’ என்பதே சரி. வீட்டைச் சோதனையிட நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்பு. உத்தரவுக்குக் காத்திருந்தால் சாட்சியம் அழிந்துவிடும் என்ற நிலையில் மட்டும் விலக்குத் தருகிறது. அந்த விலக்கின் பெயர் இது.

‘உம்ட்ஸீயென்’ வினையில் எங்கே தவறுகிறோம்?

‘இஹ் பின் உம்கெட்ஸோகென்’ – வீடு மாறிவிட்டேன். ‘இஹ் ஹாபெ மிஹ் உம்கெட்ஸோகென்’ – உடை மாற்றிக்கொண்டேன். இடம்பெயர்வதால் முதலாவதற்கு ‘ஸைன்’ துணைவினை. தன்னைத்தானே குறிப்பதால் இரண்டாவதற்கு ‘ஹாபென்’. பெயர்ச்சொல்லான உம்ட்ஸூக் வீடு மாறுவதையோ ஊர்வலத்தையோ குறிக்குமே தவிர உடை மாற்றுவதைக் குறிக்காது.

சுவிட்சர்லாந்தின் ட்ஸூக் நகருக்கு ரயிலால் வந்த பெயரா?

இல்லை. 1242இலேயே ஆவணத்தில் இருக்கும் ஊர் அது. ஏரியில் வலையைக் கரைக்கு இழுக்கும் இடம், அந்த மீன்பிடி உரிமை – அதிலிருந்து வந்த பெயர். ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரமான ட்ஸூக்ஷ்பிட்ஸெக்கு (2,962 மீட்டர்) பனிச்சரிவுகள் இறங்கும் தடங்களால் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம்.

சுவிஸ் வாசகர்களுக்கு இன்னொன்று. அங்கே வீடு மாறுவதற்கு ‘ட்ஸ்யூகெல்ன்’ என்பார்கள். ஜெர்மனியில் அதே சொல் கடிவாளத்தை இழுத்து அடக்குவது. சூரிச்சில் கற்றதை பெர்லினில் சொன்னால், நீங்கள் அடுத்த சனிக்கிழமை எதை அடக்கப்போகிறீர்கள் என்று விழிப்பார்கள். பாசெல் மாநில மன்றத்தில் உறுப்பினர் ‘அன்ட்ஸூக்’ தாக்கல் செய்தார் என்றால் அது ஒரு கோரிக்கைத் தீர்மானம், உடுப்பு அல்ல.

ஃப்லூக்ட்ஸொய்க் (விமானம்) ‘பறக்கும் ரயில்’தானா?

வகுப்பில் வழக்கமாக வரும் ஊகம். கடைசியில் இருப்பது ட்ஸூக் அல்ல, ‘ட்ஸொய்க்’ – கருவி, சாமான். பாலும் வேறு: டாஸ் ஃப்லூக்ட்ஸொய்க். ஆனால் ட்ஸொய்க்கும் ட்ஸீயென் குடும்பம்தான். ட்ஸ்யூகெல் (கடிவாள வார்), ட்ஸுஹ்ட் (வளர்ப்பு, ஒழுக்கம்), எர்ட்ஸீயுங் (பிள்ளை வளர்ப்பு, கல்வி), ட்ஸொய்கெ (சாட்சி, மன்றத்துக்கு இழுத்து வரப்பட்டவர்) எல்லாம் அந்தக் குடும்பமே.

வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்னிடைச்சொல்லைப் பாருங்கள். ‘மிட் டெம்’ வந்தால் ரயில். ‘அம் ட்ஸூக்’ வந்தால் உங்கள் முறை. ‘இம் ட்ஸூகெ’ வந்து பின்னால் ஆறாம் வேற்றுமைப் பொருளில் ஒரு பெயர் வந்தால் ‘அதன்போது’ என்ற அலுவலக நடை. ‘இன்’னோடு பன்மை வந்து நடுவில் ஒரு பெயரடை நின்றால் அநேகமாக மரபுத்தொடர், சொல் சொல்லாகப் பொருள் பார்க்காமல் தொடரை முழுதாக அகராதியில் தேடுங்கள். ‘டெர் ட்ஸூக் இஸ்ட் அப்கெஃபாரென்’ மட்டும் இதில் அடங்காது. நடைமேடையில் சொன்னால் ரயில் போய்விட்டது, கூட்டத்தில் சொன்னால் காலம் கடந்துவிட்டது. யார் எங்கே நின்று சொல்கிறார் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.